கரையோரப் பாதையில் எங்கே நிற்பது?

கனநாளாக எழுத நினைத்துத் தள்ளிப்போட்டுக்கொண்டு வந்த விடயம் இது. மகன் மோட்டார் சைக்கிள் பயணம் ஒன்றுக்குத் திட்டம் போட்டிராவிட்டால் இப்போதும் எழுதியிருக்க மாட்டேன்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. மத்தியானச் சாப்பாடு முடிந்து கோப்பை கழுவிக்கொண்டு நின்றேன். (கிழமையில் ஆறு நாள் மற்றவர்கள் வீட்டுக் கோப்பை, ஏழாம் நாள் எங்கட வீட்டுக் கோப்பை. பலெர்மோவில் இருக்கிற எங்கட ஆக்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை!) மகன் தன்ர போனைக் கொண்டுவந்து என் முகத்துக்கு முன்னால் பிடித்தான்.

"அப்பா, பாருங்கோ. செப்ரெம்பரில போவம். ஆறு நாள். முழுத் தீவையும் கரையோரமாச் சுத்தி வாறம். நீங்கள் உங்கட ஸ்கூட்டர், நான் என்ர மோட்டச்சைக்கிள்."

சிசிலித் தீவைச் சுற்றி ஒரு நீலக் கோடு. பலெர்மோவில் தொடங்கிக் கிழக்கே செஃபலு, மெசினா. பிறகு தெற்கே தவோர்மினா, கத்தானியா, சிராக்கூசா. அங்கிருந்து திரும்பி அக்ரிஜெந்தோ, மத்சாரா, திராப்பனி, மறுபடி பலெர்மோ. ஏறக்குறைய ஆயிரம் கிலோமீற்றர். நிற்கிற இடங்களில் எல்லாம் சின்னச் சின்னச் சிவப்புப் புள்ளி.

கையைத் துடைத்துவிட்டுப் போனை வாங்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். தென்கிழக்கு மூலையில் மர்சமேமி என்ற மீன்பிடிக் கிராமத்தில் ஒரு புள்ளி இருந்தது. அதோடு கோடு மேற்கே திரும்பிவிட்டது. அங்கிருந்து இன்னும் பத்துக் கிலோமீற்றர் போனால் போர்த்தோபாலோ என்று ஓர் ஊர் வரும். அதில் புள்ளி இல்லை.

"நல்லாயிருக்கு" என்று மட்டும் சொல்லிப் போனைத் திருப்பிக் கொடுத்தேன். அன்றிரவு நித்திரை வரவில்லை.

அந்தப் புள்ளியைப் பற்றித்தான் இந்தப் பதிவு. ஆனால் முதலில் வேறு ஒன்று சொல்ல வேண்டும்.

நான் இந்த ஊருக்கு வந்தது 1993 இல். முப்பது வருசம் தாண்டிவிட்டது. இவ்வளவு காலத்தில் இந்தத் தீவில் எனக்குத் தெரிந்த பாதைகள் எத்தனை என்று அந்த இரவு எண்ணிப் பார்த்தேன். வீட்டிலிருந்து வேலைக்கு ஒன்று. விசா புதுப்பிக்கிற கந்தோருக்கு ஒன்று. விமான நிலையத்துக்கு ஒன்று. செப்ரெம்பர் 4 ஆம் திகதி சாந்தா ரொசாலியா திருநாளுக்கு மொன்ரே பெல்லெக்ரினோ மலைக்கு ஏறுகிற பாதை ஒன்று. கோடையில் பிள்ளைகளைக் குளிக்கக் கூட்டிக்கொண்டு போகிற மொந்தெல்லோக் கடற்கரைக்கு ஒன்று. அவ்வளவுதான். லண்டனுக்கு ஏழு தரம் போயிருக்கிறேன், பாரிசுக்கு அதைவிடக் கூட. எல்லாம் கலியாணவீடும் சாமத்தியவீடும் செத்தவீடும். எழுபது கிலோமீற்றரில் இருக்கிற செஃபலுவுக்கு ஒரே ஒரு தரம், அதுவும் நான் வேலை செய்த வீட்டு சிஞோராவின் பையைத் தூக்கிக்கொண்டு.

நான் மட்டுமில்லை, நாங்கள் கனபேர் இப்படித்தான். ரொறன்ரோவில் இருக்கிறவர் நயாகராவையும், பாரிசில் இருக்கிறவர் ஈபிள் கோபுரத்தையும் ஊரிலிருந்து வந்த விருந்தாளிக்குக் காட்டத்தான் போயிருப்பார். தனக்கென்று போயிருக்க மாட்டார். ஊர் பார்க்கிறது வெள்ளைக்காரன்ர வேலை, எங்களுக்கு உழைக்கிறதுதான் வேலை என்று ஓர் எண்ணம். கடன், சீட்டு, தங்கச்சியின் சீதனம், ஊரில் கிணற்றுக் கட்டு. அதெல்லாம் நியாயமான காரணங்கள்தான். ஆனால் கடன் முடிந்த பிறகும் நாங்கள் போகவில்லையே? வாழ்கிற இடத்தை வாடகை அறை மாதிரியே வைத்திருந்தோம். பெட்டியைக் கட்டிலுக்குக் கீழே வைத்தபடி.

எனக்கு இன்னொரு காரணமும் இருந்தது. கரையோர ரோட்டு என்றாலே எனக்குப் பாதியில் முடிகிற ரோட்டுத்தான்.

நான் வடமராட்சிக்காரன். பருத்தித்துறையிலிருந்து வல்வெட்டித்துறையால் தொண்டைமானாறு வரை கடலை ஒட்டிப் போகிற ரோட்டு எங்கள் ரோட்டு. பத்துப் பன்னிரண்டு கிலோமீற்றர்தான். அதற்கங்கால் பலாலி, மயிலிட்டி, காங்கேசன்துறை, கீரிமலை என்று கரை நீண்டு போகும். 1990 யூனில் சண்டை தொடங்கியதோடு அந்தப் பக்கம் முழுக்க இராணுவத்தின் கைக்குள் போனது. தொண்டைமானாற்றோடு ரோட்டு முடிந்தது. பெற்றோலும் நின்றது. மாமாவின்ர ஹொண்டாவுக்குச் சின்னப் போத்தலில் கொஞ்சம் பெற்றோல் விட்டு ஸ்ராட் பண்ணி, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓடுவோம். கறுப்புப் புகையும் அந்த மணமும் யாழ்ப்பாணத்தில் அப்போது இருந்த எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். அப்படி ஓடும்போதும் ஒரு கண் கடலில்தான் இருக்கும். நேவிக் கப்பல் தெரிந்தால் உள்ஒழுங்கைக்குள் திருப்ப வேண்டும்.

கடலைப் பார்த்தபடி பயப்படாமல் மோட்டார் சைக்கிள் ஓடுவது ஒரு சுகம் என்று எனக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. மயிலிட்டித் துறைமுகத்தைச் சனத்திடம் திருப்பிக் கொடுத்தது 2017 இல்தான். இருபத்தேழு வருசம். அங்கே ரோட்டு அடைபட்டிருந்த காலம் முழுக்க இங்கே எனக்கு ரோட்டுத் திறந்துதான் இருந்தது. நான்தான் போகவில்லை.

சரி, மகனின் திட்டத்துக்கு வருவோம்.

என்னிடம் இருப்பது 125 சிசி ஸ்கூட்டர். கார் ஓடுகிற லைசென்சை வைத்தே இத்தாலியில் 125 ஓடலாம் என்பதால் எங்கட ஆக்களிடம் கனபேரிடம் இருப்பது அதுதான். முந்தி இந்தச் சின்ன இயந்திரங்கள் அதிவேகப் பாதையில் ஏறக்கூடாது, 150 சிசிக்குக் குறைந்தால் தடை. 2024 டிசம்பரில் நடைமுறைக்கு வந்த புதிய வீதிச் சட்டம் 120 சிசிக்கும் அதற்கு மேலுக்கும் வழி விட்டிருக்கிறது, ஓடுகிறவர் பதினெட்டு வயது தாண்டியிருந்தால். அதனால் மகன் சொன்னான், "அப்பா, இப்ப நீங்களும் அவுத்தோஸ்திராதாவில வரலாம். மெசினாவுக்கு மூண்டு மணித்தியாலம்."

நான் மாட்டேன் என்றேன். அதிவேகப் பாதை மலையைக் குடைந்து சுரங்கம் சுரங்கமாகப் போகிறது, கடல் விட்டு விட்டுத்தான் தெரியும். அதற்கு இணையாகக் கீழே 113 ஆம் இலக்கப் பழைய ரோட்டு இருக்கிறது. ஒவ்வொரு ஊருக்குள்ளாலும் போகும். ஒவ்வொரு தேவாலய வாசலிலும் பிரேக் பிடிக்க வேண்டும். கோப்பிக் கடையில் கிழவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். மெசினாவிலிருந்து தெற்கே 114, பிறகு சிராக்கூசாவிலிருந்து தென்கரையைப் பிடித்துத் திராப்பனி வரை 115. இந்த மூன்று இலக்கத்தையும் மனதில் வைத்திருந்தால் போதும், தீவைச் சுற்றி வந்துவிடலாம்.

அவன் போட்ட புள்ளிகளைப் பற்றி அடுத்த சில இரவுகள் வாசித்தேன். முப்பது வருசமாக வாசிக்காததை ஒரு கிழமையில்!

முதல் புள்ளி செஃபலு. பாறைக்குக் கீழே இரண்டு கோபுரங்களோடு பெரிய தேவாலயம். இரண்டாம் ரொஜர் என்ற நோர்மன் அரசன் 1131 இல் கட்டத் தொடங்கியது. கடலில் புயலில் அகப்பட்டு, தப்பிக் கரை ஏறினால் கோயில் கட்டுவேன் என்று நேர்ந்தானாம், ஏறிய கரை இதுவாம் என்று ஊர்க்கதை.

அடுத்தது திந்தாரி. கடலுக்கு மேலே உயரத்தில் ஒரு மாதா கோயில். உள்ளே இருப்பது கறுப்பு மாதா. கிழக்கிலிருந்து கப்பலில் கொண்டுபோன சிலை, புயலுக்கு இந்தக் குடாவில் ஒதுங்கிய கப்பல், சிலையை இறக்கும் வரை கப்பல் அசையவில்லை என்று கதை. என் மனுசி இதைக் கேட்டுவிட்டு, "அப்ப அவவும் எங்களை மாதிரித்தான் வந்தவ" என்றா. கிழக்கிலிருந்து, கப்பலில், கறுப்பு நிறத்தோடு. சரிதானே?

சிராக்கூசாவில் கிரேக்கர்கள் கிறிஸ்துவுக்கு முன் ஐந்தாம் நூற்றாண்டில் கட்டிய அதீனா கோயிலின் தூண்களை அப்படியே சுவருக்குள் வைத்துத் தேவாலயமாக்கி இருக்கிறார்கள். அந்தக் கிரேக்கர்களும் கப்பலில் வந்து குடியேறினவர்கள்தான். திராப்பனிக்கும் மர்சாலாவுக்கும் இடையில் உப்பளங்கள், காற்றாலைகள், குவித்து ஓடு போட்டு மூடிய உப்பு. படத்தில் பார்த்ததும் எனக்கு ஆனையிறவுதான் வந்தது. மத்சாராவின் பழைய நகரத்தில் துனிசியாவிலிருந்து வந்த மீனவக் குடும்பங்கள் இரண்டு மூன்று தலைமுறையாக இருக்கின்றன. கடைசி நாள் பலெர்மோவுக்குள் நுழைய முதல் கபாச்சி. 1992 மே 23 அன்று நீதிபதி ஜொவான்னி ஃபல்கோனேயையும் மனைவியையும் மூன்று காவலர்களையும் மாஃபியா குண்டு வைத்துக் கொன்ற இடம். அதிவேகப் பாதையின் கரையில் அவர்களுடைய பெயர்களோடு தூண் நிற்கிறது. விமான நிலையத்துக்குப் போகிற ஒவ்வொரு தரமும் கடந்திருக்கிறேன்.

எல்லாவற்றையும் ஒன்றாக வைத்துப் பார்த்தபோது ஒன்று விளங்கியது. இந்தக் கரையில் மனிதர் நின்று பார்க்கிற இடங்களில் கனக்கக் கடலில் தப்பியவர்களின் நேர்த்திக்கடன்கள். தப்பிய அரசன் கோயில் கட்டினான், தப்பிய சிலைக்குக் கோயில் கட்டினார்கள். தப்பாதவர்களுக்கு யார் கட்டுவது? நிலத்தில் கொல்லப்பட்டவருக்காவது ரோட்டோரம் தூண் நடலாம். கடலில் எங்கே நடுவது?

இனி அந்தப் புள்ளி.

1996 டிசம்பர் 25 இரவு, விடிந்தால் 26. போர்த்தோபாலோவிலிருந்து 19 கடல்மைல் தூரத்தில், இயோகான் என்ற கப்பலிலிருந்து ஒரு மரப்படகுக்கு ஆட்களை மாற்றி ஏற்றினார்கள். இந்தியர், பாகிஸ்தானியர், இலங்கைத் தமிழர். கொந்தளிக்கிற கடல், படகு கொள்ளாத சனம். படகுக்குள் தண்ணீர் ஏறியது. உதவிக்குத் திரும்பி வந்த அதே கப்பலோடு மோதி மூழ்கியது. குறைந்தது 283 பேர். தப்பியவர்களைக் கொண்டுபோய்க் கிரேக்கத்தில் இறக்கினார்கள். அவர்கள் நடந்ததைச் சொன்னார்கள். ஒருவரும் நம்பவில்லை. உடல் எங்கே, உடைந்த பலகை எங்கே என்று கேட்டார்கள்.

உடல்கள் போர்த்தோபாலோ மீனவர்களின் வலைகளில் வந்துகொண்டிருந்தன. அவர்கள் அவற்றைத் திரும்பக் கடலில் போட்டார்கள். கரைக்குக் கொண்டுவந்தால் விசாரணை, படகை மறித்து வைப்பார்கள், நாள்கணக்கில் தொழில் போகும். நாலு வருசம் அந்த ஊர் வாய் திறக்கவில்லை. 2001 இல் ஒரு மீனவர், வலையில் சிக்கிய உடுப்புக்குள் இருந்த ஓர் அடையாள அட்டையை "லா ரிப்பப்ளிக்கா" பத்திரிகையின் ஜொவான்னி மரியா பெல்லுவிடம் கொடுத்தார். இலங்கை அடையாள அட்டை. பதினேழு வயதுத் தமிழ்ப் பெடியன். பத்திரிகை கமரா பூட்டிய கருவியைக் கடலுக்குள் இறக்கியது. 108 மீற்றர் ஆழத்தில் படகு அப்படியே கிடந்தது. யூனில் படத்தோடு செய்தி வந்தது. அதுவரை அது நடக்காத விபத்து.

இத்தாலியின் நோபல் பரிசு பெற்ற நாலு பேர் படகை வெளியே எடுக்கச் சொல்லிக் கேட்டார்கள். எடுக்கவில்லை. மகனின் கோடு போகிற வழியில், கத்தானியாவுக்கும் சிராக்கூசாவுக்கும் இடையில் அகஸ்தா என்று ஒரு துறைமுகம் இருக்கிறது. 2015 ஏப்ரல் 18 அன்று நூற்றுக்கணக்கான ஆபிரிக்க, ஆசிய அகதிகளோடு மூழ்கிய படகை இத்தாலியக் கடற்படை 2016 இல் 370 மீற்றர் ஆழத்திலிருந்து தூக்கி அங்கேதான் கொண்டுவந்தது. பேராசிரியர் கிறிஸ்தினா கத்தானேயோவின் மருத்துவக் குழு ஒவ்வொரு உடலாக எடுத்துப் பெயர் தேடியது. அதே அரசு, அதே கடல். 370 மீற்றரிலிருந்து தூக்க முடியும் என்றால் 108 இலிருந்து முடியாதா? முடியும். கேட்கிறதுக்கு ஆட்கள் வேண்டும். அந்த ஆட்கள் நாங்களாக இருந்திருக்க வேண்டும்.

இப்போது என் பங்கு.

1996 நத்தார் இரவு நான் பலெர்மோவில் ஒரு வீட்டில் பதினாலு பேருக்கு மேசை போட்டுக்கொண்டு நின்றேன். 1995 நவம்பரில் வந்த பொதுமன்னிப்பில் பதிந்து, அந்த வருசம்தான் கையில் விசா கிடைத்திருந்தது. அது எனக்கு நல்ல நத்தார். 97 இல், மழைக்காலத்துக்குக் கிட்ட, ஊரிலிருந்து ஒரு கடிதம் வந்தது. எங்கள் வீட்டுக்கு நாலு வீடு தள்ளி இருந்த ஓர் அம்மா எழுதியிருந்தா. மகன் இத்தாலிக்கு என்று வெளிக்கிட்டு ஒரு வருசமாகிறது, ஒரு செய்தியும் இல்லை, நீ இருக்கிற பக்கம் வந்தானா என்று விசாரித்துச் சொல்லு ராசா என்று.

நான் விசாரிக்கவில்லை. "இது பெரிய நாடு அம்மா, மிலான் பக்கம் இருப்பான், கடன் முடியக் கடிதம் போடுவான்" என்று பதில் போட்டேன். ஆறுதல் சொல்கிறதாகத்தான் அப்போது நினைத்தேன்.

2001 யூன். எனக்கு மகன் பிறந்து மூன்று மாதம். வேலை செய்த வீட்டின் மேசையில் கிடந்த பத்திரிகையில் அந்தப் படத்தைப் பார்த்தேன். சேற்றுக்குள் படகு, எலும்புகள். கால் நடுங்கியது. அன்றே அந்த அம்மாவுக்கு இரண்டாவது கடிதம் எழுதியிருக்க வேண்டும். அவன் அந்தப் படகில்தான் இருந்தானா என்று எனக்குத் தெரியாது, இன்றைக்கும் தெரியாது. ஆனால் இப்படி ஒன்று நடந்திருக்கிறது, திகதி இது, யாரிடமாவது கேட்போம் என்று எழுதியிருக்கலாம். எழுதவில்லை. என்ன எழுதுவது என்று தெரியவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நாள் போனது. சில வருசங்களுக்கு முன் அவ செத்துப்போனா. கடைசி வரை மகன் மிலானில் இருப்பதாகத்தான் சொல்லிக்கொண்டிருந்தா என்று கேள்வி. மிலான் என்ற சொல்லைக் கொடுத்தவன் நான்.

போர்த்தோபாலோ மீனவர்களைப் பற்றிக் கதைக்கும்போது எங்கட ஆக்கள் கோபப்படுவார்கள். நானும் கோபப்பட்டிருக்கிறேன். ஆனால் வலையில் வந்ததைத் திரும்பக் கடலில் போட்டது அவர்கள் மட்டுமில்லை.

2017 இல் இந்தக் கதையை இத்தாலியத் தொலைக்காட்சியில் இரண்டு இரவு நாடகமாகப் போட்டார்கள். மகன் கதிரையில் இருந்து பார்க்கத் தொடங்கினான். நான் ரிமோட்டை எடுத்துச் சனலை மாற்றினேன். "நாளைக்குப் பள்ளிக்கூடம், போய்ப் படு." அவனுடைய படத்தில் அந்த ஊருக்குப் புள்ளி இல்லாததற்குக் காரணம் அவனில்லை.

இதையெல்லாம் அடுத்த ஞாயிறு அவனுக்குச் சொன்னேன். அவன் குறுக்கே பேசவில்லை. முடித்த பிறகு கேட்டான், "அப்ப இது சுற்றுலாவா, செத்தவீடா?"

நல்ல கேள்வி. என் கூட்டாளி ஒருவரிடம் இதைச் சொன்னபோது அவர் வேறு மாதிரிச் சொன்னார்: "அப்பிடியெண்டால் ஒரு பஸ் பிடிச்சு எல்லாரும் போவம் மச்சான். மாலை, பனர், நாலு பேர் பேசட்டும்." அதுவும் நல்லதுதான், யாராவது செய்தால் நானும் போவேன். ஆனால் எங்களுக்கு இந்த இரண்டு வழிதான் தெரிகிறது. ஒன்று, சோகத்தை மறந்துவிட்டுச் சந்தோசம். அல்லது சந்தோசத்தை வீட்டில் விட்டுவிட்டுச் சோகம். பனரோடு போனால் படம் எடுத்து முடிந்ததும் அந்த இடமும் முடிந்துவிடும். அடுத்த வருசம் பஸ்சுக்கு ஆள் சேராது.

என் கருத்து இதுதான். கரையோரப் பயணம் போங்கள். சந்தோசமாகப் போங்கள். வழியில் பனெல்லே வாங்கிச் சாப்பிடுங்கள் (கடலைமாப் பொரியல்தான், எங்கட வாய்க்கு நல்லாய்ப் பிடிக்கும்), செஃபலுவில் குளியுங்கள், திந்தாரியில் மெழுகுதிரி கொளுத்துங்கள். அந்தப் பாதையில் எங்கட ஆக்கள் கிடக்கிற இடமும் ஒரு தரிப்பாக இருக்கட்டும். அதற்கென்று தனியாகப் போக வேண்டாம், அதைத் தவிர்த்துச் சுற்றவும் வேண்டாம். இந்த ஊர்ச் சனம் கபாச்சியைக் கடந்துதான் கடலில் குளிக்கப் போகுது. தூணைப் பார்த்து ஒரு நிமிசம் பேச்சை நிற்பாட்டிவிட்டுப் பிறகு பிள்ளைக்கு ஐஸ்கிறீம் வாங்கிக் கொடுக்குது. இதை மரியாதையில்லை என்று முந்தி நினைத்தேன். இப்போது அப்படி நினைக்கவில்லை. போகிற வழியில் இருந்தால்தான் மறக்காது.

அந்தப் படகில் இருந்தவர்களும் இந்தத் தீவைப் பார்க்கத்தான் வந்தார்கள். 19 மைல் மிச்சம். நாங்கள் கரையில் முப்பது வருசமாக இருந்தும் பார்க்கவில்லை என்றால் அது அவர்களுக்கு மரியாதையா?

போக நினைக்கிற ஆட்களுக்குச் சில விடயம். ஓகஸ்ட்டில் போகாதேயுங்கோ. வெயிலும் தாங்காது, 15 ஆம் திகதி விடுமுறைக்கு முழு இத்தாலியும் ரோட்டில் நிற்கும். மே, யூன் நல்லது, அல்லது செப்ரெம்பர். ஒரு நாளைக்கு இருநூறு கிலோமீற்றருக்கு மேல் வைக்காதேயுங்கோ, 125 இல் நாரி பிடிக்கும். மத்தியானத்தில் பெற்றோல் நிலையங்களில் ஆள் இருக்காது, தானே அடிக்கிற இயந்திரத்துக்குச் சில்லறைத் தாள் வைத்திருங்கோ. மலைப்பக்க ரோட்டில் மண்சரிவால் துண்டு துண்டாய் மூடியிருப்பார்கள், காலமை வெளிக்கிட முதல் பார்த்துக்கொள்ளுங்கோ. ரயரைப் போகிறதுக்கு ஒரு கிழமை முந்தி மாற்றுங்கோ, கடைசி நாள் வேண்டாம். சீரோக்கோ என்கிற தெற்குக் காற்று அடித்தால் ஓடாமல் நின்றுவிடுங்கோ. விசா அட்டையின் மூலப்பிரதி கையில் இருக்கட்டும், பழக்கம் விடாது!

மகன் இரண்டு நாள் கழித்துப் போனைத் திரும்பக் கொண்டுவந்தான். மூன்றாம் நாள் இரவு மர்சமேமியில் என்று இருந்ததை மாற்றியிருந்தான். அன்று மத்தியானம் அகஸ்தா, பின்னேரம் போர்த்தோபாலோ, இரவும் அங்கேதான். தீவின் தென்கோடி அதற்கு அங்காலதான், துனிஸ் நகரத்தைவிடவும் தெற்கே. ஒரு பக்கம் அயோனியன் கடல், மறுபக்கம் ஆபிரிக்காவைப் பார்த்த கடல்.

"மீன்பிடித் துறைமுகத்தில படகுகள் பின்னேரம் வருமாம் அப்பா. அந்த ஆக்களோட கதைக்கிறதெண்டால் நான் கதைக்கிறன். உங்கட இத்தாலியன் வேலைவீட்டு இத்தாலியன்" என்று சிரித்தான்.

கதைக்க என்ன இருக்கிறது என்று தெரியவில்லை. ஒரு பெயரும் ஒரு வருசமும் என்னிடம் இருக்கிறது. அந்த அம்மாவுக்கு இன்னும் ஒரு மகள் இருக்கிறா, கனடாவில். அவவின் விலாசம் கேட்டுப் போன கிழமை ஊருக்குப் போன் எடுத்தேன். போகிறதுக்கு முதல் அவவுக்கு எழுத வேண்டும். இருபது வருசத்துக்கு மேல் பிந்திய கடிதம். முதல் வரி மட்டும் எழுதி வைத்திருக்கிறேன்.

செப்ரெம்பர் 4 மலை ஏறி இறங்கியதும் அடுத்த நாள் காலமை வெளிக்கிடுகிறோம். உங்கட ஊரிலும் நீங்கள் இவ்வளவு காலமும் ஓடாத கரையோர ரோட்டு ஒன்று இருக்கும். அதில் உங்கட தரிப்பு எது என்று யோசித்துப் பாருங்கோ.